வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகள் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்ஸாஸ் அரசுப் பள்ளிகளில் பைபிளின் பத்துக் கட்டளைகளை எழுதிய பலகையை மாட்டச் சொல்லும் சட்டம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், பொய் சொல்லாதே, திருடாதே, அப்பா அம்மாவை மதி என்பதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும் என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். இங்கே எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சுதான். எல்லாச் சாமியும் ஒன்றுதானே, விட்டுத் தள்ளுங்கள் என்கிறார்கள். எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. டல்லஸ் பக்கத்தில் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணின் அம்மா என்ற முறையில் எழுதுகிறேன்.

அந்தப் பலகையில் முதலில் இருப்பது திருடாதே அல்ல. 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்' என்பதுதான் மேலே நிற்கிறது, அடுத்ததே விக்கிரகம் செய்யாதே. எல்லாச் சாமியும் ஒன்று என்று நாம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாசகம் அப்படிச் சொல்லவில்லை, நேர் எதிராகச் சொல்கிறது. அது அவர்களுடைய நம்பிக்கை, தேவாலயத்தில் இருக்கட்டும், வீட்டில் இருக்கட்டும், எனக்கு அதில் ஒரு மனக்குறையும் கிடையாது. என் பெண் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து, "நம்ம வீட்டுல பிள்ளையார் இருக்கிறதை டீச்சர்கிட்ட சொல்லலாமா?" என்று கேட்டாள். டீச்சர் தங்கமானவர், அவர் மேல் தப்பே இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதால் அதுவும் பாடம்தான் என்று குழந்தை எடுத்துக்கொண்டது. வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் விரும்புகிறது. 2025 ஜூனில் கவர்னர் கிரெக் ஆபட் கையெழுத்திட்ட அந்தச் சட்டப்படி, பலகை 16 அங்குல அகலமும் 20 அங்குல உயரமுமாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்பறையிலும் கண்ணில் படுகிற இடத்தில், அறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் படிக்க முடிகிற எழுத்தில். யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளி அதை வாங்கிக்கொண்டு மாட்டியே ஆக வேண்டும். என்ன வாசகம் என்பதையும் சட்டசபையே எழுதிக் கொடுத்துவிட்டது. யூதர்கள், கத்தோலிக்கர்கள், புராட்டஸ்டண்டுகள் மூவரும் இந்தக் கட்டளைகளை ஒரே மாதிரி எண்ணுவதில்லை. அதில் எது சரி என்று முடிவு செய்ய ஒரு சட்டசபைக்கு என்ன வேலை? அப்புறம் விபசாரம் செய்யாதே, அயலானுடைய வேலைக்காரிக்கு ஆசைப்படாதே என்பதை ஏழு வயதுக் குழந்தைக்கு விளக்கும் பொறுப்பை மட்டும் பெற்றோரிடம் விட்டுவிட்டார்கள்.

நன்கொடைதானே, அரசுப் பணம் இல்லையே என்று ஒருவர் குழுவில் கேட்டார். கென்டக்கி மாநிலத்திலும் நன்கொடைப் பணத்தில்தான் மாட்டினார்கள். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. 2022இல் அரசுப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் மைதானத்தில் ஜெபம் செய்த வழக்கில் அதே நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்ததும், சரி, இனி நம் காலம் என்று லூசியானா, ஆர்கன்சா, டெக்ஸாஸ் என வரிசையாகக் கிளம்பிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் ஒரு மத்திய நீதிபதி வழக்கில் இருந்த பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) மட்டும் தடை போட்டார். மற்ற மாவட்டங்கள் சட்டத்தை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்றார் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் உள்ள மாநிலத்தில், எந்தத் தெருவில் வீடு வாங்கினோம் என்பதை வைத்தா ஒரு குழந்தையின் மத சுதந்திரம் அமைய வேண்டும்?

டெக்ஸாஸ் தலைநகர் ஆஸ்டினின் சட்டசபை வளாகத்தில் பத்துக் கட்டளைக் கல் ஒன்று இருக்கிறது, அது இருக்கலாம் என்று 2005இல் தீர்ப்பும் வந்தது. அதைப் பிடிக்காதவர் தள்ளி நடந்து போகலாம். பிள்ளை அப்படிப் போக முடியாது. பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது சட்டம், அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நாள் முழுக்க உட்கார வேண்டும்.

இதைக் கிறிஸ்தவர்களுக்கு எதிரான சண்டையாகக் கட்டுரையாளர் காட்டியதுதான் எனக்கு அதிக வருத்தம். டெக்ஸாஸில் வழக்குப் போட்ட குடும்பங்களில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் மத நம்பிக்கை இல்லாதவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் 1802இல் எழுதிய கடிதமே கனெக்டிகட் மாநிலத்தின் பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எழுதியது. அன்றைக்கு அங்கே அவர்கள் சிறுபான்மை, பெரிய சபைக்கு ஆதரவாக அரசு நிற்கும்போது எப்படி வலிக்கும் என்று அனுபவித்தவர்கள். பள்ளியில் கடவுளுக்கே இடமில்லாமல் போய்விட்டது என்று புலம்புவதும் சரியில்லை. என் பெண்ணின் தோழி சாப்பிடும் முன் கண் மூடி ஜெபிக்கிறாள், யாரும் தடுப்பதில்லை, தடுக்கவும் முடியாது. பிள்ளை தானாகக் கும்பிடுவது உரிமை. அரசாங்கம் ஒரு மதத்தைச் சுவரில் அறைந்து பிள்ளைகளை அதன் கீழே உட்காரவைப்பது வேறு.

நம் ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. இங்கே சிறுபான்மையாக இருந்துகொண்டு இந்தப் பலகைக்கு வருத்தப்படுகிறவர்கள், அங்கே பெரும்பான்மையாக இருக்கும்போது ஒரு முஸ்லிம் பிள்ளையோ கிறிஸ்தவப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கும் அரசுப் பள்ளி வகுப்பில் சாமி படம் மாட்டினால் அதே வருத்தத்தோடு கேட்க வேண்டும். நான் கேட்பேன்.

எங்கள் பள்ளி வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர், பேச விருப்பமில்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்து உட்காருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
டெக்ஸாஸ்