அந்த ஓவியத்தை ஈரச் சுவரிலிருந்து இறக்குங்கள்

உதகை வாசகசாலை நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

மேற்குச் சுவரில் தொங்கும் நாகப்பட்டினக் கடற்கரை ஓவியத்தைப் பற்றி உறுப்பினர்கள் பலமுறை சொல்லியாயிற்று. வருகைப் பதிவேட்டின் ஓரத்தில்கூட எழுதிவைத்தோம். சென்ற வாரம் நடந்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். பூஞ்சையை அகற்றச் சொன்னீர்கள். ஊழியர் சட்டத்தைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. மேசை துடைப்பவரிடம் படத்தையும் துடைக்கச் சொன்னால் அப்படித்தான் துடைப்பார்.

அது நீர்வண்ண ஓவியம். தண்ணீரில் கரைத்துத் தீட்டிய வண்ணம் தண்ணீர் பட்டால் மறுபடியும் கரையும். கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கு இப்போது முகம் இல்லை. கூடை இருக்கிறது, புடவையின் சிவப்பு மணல்வரை வழிந்திருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில் கட்டுமரம். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்துக் காயப்போடுவார்கள். ஓவியர் அதை அப்படியே, பிரித்துப் போட்ட நிலையில் வரைந்திருக்கிறார். கரையில் நின்று பார்த்தவரின் கை அது. இன்று அந்தக் கரையிலும் ஃபைபர் படகுகள்தான் அதிகம். ஐஸ் பெட்டியில் மலையேறி வரும் மீனை மட்டுமே அறிந்த நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேறென்ன வைத்திருக்கிறோம்?

ஆகவே கேட்கிறோம்: ஓவியத்தை அந்தச் சுவரிலிருந்து இறக்குங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்தச் சுவர் காய்வதே இல்லை. தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதால், உள்ளே வியர்க்கும் ஈரமெல்லாம் தாளில்தான் இறங்குகிறது. கடலோரப் படம்தானே, தண்ணீர் பழகியிருக்கும் என்று நினைத்தீர்களோ என்னவோ.

மே மாத மலர்க்கண்காட்சி நெருங்கினால் ஊரே புதுப் பெயிண்ட் மணக்கிறது. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத எங்கள் கூடத்தின் கூரை ஒழுக்கு மட்டும் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. கேட்டால், மலை என்றால் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்கிறீர்கள். உங்கள் அறைக்கு மட்டும் அந்த ஈரத்துக்கு வழி தெரியவில்லை. ஹீட்டர் செய்த புண்ணியம்.

போகட்டும், கேட்க வந்தது ஹீட்டரை அல்ல. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பாதுகாப்பதற்கென்றே வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அவர்களுக்குக் கடிதம் எழுதி யோசனை கேளுங்கள். பதில் வரும்வரை ஓவியத்தை இறக்கி, உலர்ந்த அலமாரியில் படுக்கைவாக்கில் வையுங்கள். துணியோடு யாரும் அதன் அருகே போகக் கூடாது என்று தயவுசெய்து ஒரு வரி உத்தரவும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சார்பில் ஓர் உறுப்பினர்,
உதகமண்டலம்