நாம் ஒட்டிய தொட்டி

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மகள் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் பகலில் விறாந்தையில் இருக்க முடியாத வெக்கை.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீடு மாறும்போது மீன்தொட்டியை லொறியில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுத இருந்தேன், அதற்குள் எங்கள் தொட்டியே ஒழுகத் தொடங்கிவிட்டது. 2007 இல் உவர்மலை வீட்டு முற்றத்தில் நீயும் நானும் இருந்து ஒட்டினோமே, அதே தொட்டிதான். இருட்டினால் யாரும் வெளியே போகாத காலம் அது. கண்ணாடியை வெட்டி வாங்கி வந்து மூன்று பின்னேரம் மெனக்கெட்டோம்.

விடியப்புறம் எழும்பிப் போனால் கால் நனைகிறது. தொட்டிக்குப் பின்னால் சுவரோடு பிளக் இருப்பது உனக்குத் தெரியும். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்தினேன். அதைச் செய்யாமல் அந்த ஈரத்தில் கையை வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இரவு கரண்ட் போய் வந்ததால் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நின்றதும் குழாய் தானாகவே தண்ணீரை இழுத்து வெளியே விட்டுவிடும். ஆனால் குழாயைக் கழற்றிய பிறகும் தரை நனைந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் பேனாவால் நீர்மட்டத்தைக் கீறிவிட்டுப் பார்த்தேன். மட்டம் இறங்கி இறங்கி, அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது. ஓட்டை எந்த உயரத்தில் என்பதை அது சொல்லிவிட்டது. வெளிப்பக்கத்தைத் துடைத்து டிசூவை ஒற்றிப் பார்த்தபோது பின்பக்க இடது மூலையில் மட்டும் அது நனைந்தது.

இதற்கு முன்பே, மட்டம் இறங்கும்போதே, மீன்களை எடுத்துவிட்டேன். பெரிய நீலப் பேசினில் தொட்டித் தண்ணீரையே வாளியால் அள்ளி ஊற்றி அதிலேதான் விட்டேன். புதுத் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. நாலு ஏஞ்சல், ஐந்து குராமி, ஒரு டேங்க் கிளீனர். டேங்க் கிளீனரை மட்டும் வலையால் பிடிக்காதே மச்சான். அதன் செட்டை முள் வலையில் மாட்டினால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். பழைய ஐஸ்கிறீம் பெட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதற்குள் மெல்லத் தள்ளி எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிதாகிவிட்டதே, கந்தளாய்க் குளத்தில் கொண்டுபோய் விடுங்கள் என்றார். அதை மட்டும் செய்யக் கூடாது. தென் அமெரிக்க மீன் அது. வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டதால் நம் நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

பேசினுக்கு மேலே பழைய நுளம்பு வலையைக் கட்டினேன். ஏஞ்சல் பாயாது என்று நம்பலாம், குராமியை நம்ப முடியாது. வடிகட்டியின் பஞ்சையும் கழற்றி அதே பேசினில் போட்டு, காற்றைக் குமிழிகளாக விடுகிற காற்றுக் கல்லைப் பக்கத்தில் வைத்தேன். உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது இந்தப் பஞ்சைப் பற்றித்தான். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வருகிற அமோனியா தொட்டியில் சேர்ந்தால் மீன் செத்துவிடும். அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியா குடியிருப்பது பெரும்பாலும் பஞ்சிலும் கல்லிலும்தான், தண்ணீரில் கொஞ்சம்தான். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்தால், குளோரினும் வெயிலும் சேர்ந்து அத்தனையையும் கொன்றுவிடும். மீன் அன்று சாகாது, ஐந்தாம் ஆறாம் நாள் ஒவ்வொன்றாகச் சாகும். நாங்கள் தொடங்கிய காலத்தில் உன் கறுப்பு மொலி எல்லாம் அப்படித்தான் போயின, ஏன் என்று அப்போது நம் இருவருக்கும் விளங்கவில்லை.

பேசினில் ஒன்பது நாள் வைத்திருந்தேன். முதல் இரண்டு நாள் தீனே போடவில்லை, பிறகு ஒன்றுவிட்டொரு நாள் ஒரு சிட்டிகை. ஒவ்வொரு நாளும் காற்பங்குத் தண்ணீரை மாற்றினேன். குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து ஒரு நாள் காற்று விட்டு வைத்த பிறகுதான் ஊற்றினேன்.

தொட்டியை விறாந்தைக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் காயவிட்டோம். கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கோன் பசை வாங்கப் போனால், கடைக்காரர் குளியலறைக்குப் பூசுகிற, பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கோனை எடுத்து நீட்டினார். பூஞ்சணத்தைக் கொல்லக் கலக்கிற மருந்து தண்ணீரில் இறங்கினால் மீனையும் கொல்லும். மருந்து ஒன்றும் கலக்காத, மீன்தொட்டிக்கு என்று எழுதியிருக்கிற குழாயைத் தேடி இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன்.

ஒழுகுகிற இடத்தில் மட்டும் புதிதாகப் பூசினால் நிற்காது. பழைய சிலிக்கோனில் புதுச் சிலிக்கோன் பிடிக்காது. அதனால் உள்பக்கம் நாலு மூலையையும் அடியையும் சுற்றிப் பிளேட்டால் சுரண்டினேன். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற ஒட்டை மட்டும் தொடவில்லை, தொட்டியைத் தாங்குவது அதுதான். சுரண்டிக்கொண்டு முன்பக்க வலது மூலைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அடியில், சிலிக்கோனை இழுத்து முடித்த இடத்தில், உன் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. பாசியை ஈரத்துணியால் துடைத்ததும் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தத் துண்டைப் பிளேட்டால் கவனமாக உரித்தெடுத்து, உன் பழைய கடிதங்கள் இருக்கிற பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் பூசினேன். மகள் விரலால் வழித்து விட்டாள். தோல் பிடிக்க முன்னரே டேப்பை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கிளம்பிவிடும். வீடு முழுக்க வினாகிரி வாசம். அந்த வாசம் இருக்கும்வரை அது காயவில்லை என்று அர்த்தம். ஐந்து நாள் விட்டேன். ஆறாம் நாள் பாதி, அடுத்த நாள் முழுதாக நிரப்பி, சுற்றிவரப் பத்திரிகைத் தாளைப் பரப்பி ஒரு நாள் பார்த்தேன். தாள் ஒரு இடத்திலும் நனையவில்லை.

சரி, உன் தொட்டிக்கு வருவோம். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம் என்றால் ஏறக்குறைய 127 லீற்றர். தண்ணீர் மட்டுமே 127 கிலோ. லொறியில் ஒரு சாண் தண்ணீரோடு ஏற்றினாலும், அது ஆடுகிற ஆட்டத்தில் ஒட்டு விட்டுவிடும். தண்ணீரையும் கல்லையும் முழுதாக எடுத்துவிட்டு, அடியில் ரிஜிபோம் (வெள்ளை நுரை) தகடு போட்டு வெறும் தொட்டியாக ஏற்று. ரிஜிபோமை இறக்கிய பிறகும் எடுக்காதே, மேசை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது தாங்கும். ஏற்றுவதற்கு முதல் நாளே மீனுக்குத் தீன் போடுவதை நிறுத்திவிடு. பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மிச்சம் காற்று, பெரிய மீனுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பை. பைகளை மூடியுள்ள ரிஜிபோம் பெட்டியில் அடுக்கினால் சூடும் ஏறாது, வெளிச்சமும் படாது. பெட்டியை லொறியில் விடாமல் உன் மடியில் வைத்துக்கொண்டு போ.

2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில், இரவிரவாகக் குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி மீன்களைக் காப்பாற்றினேன் என்று நீ எழுதியிருந்தாய். இத்தனை வருடம் வளர்த்த மீன்கள், ஒரு பயணத்தில் போகக் கூடாது.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். உன் வடிகட்டியின் அளவில் இன்னொரு பஞ்சை வெட்டி என் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். நீ மாறுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் அதில் பற்றீரியா பிடித்துவிடும். தேதியை எழுது. அதற்கு முதல் நாள் யாழ்ப்பாண பஸ்ஸில் ஈரப்பையோடு வந்து இறங்குகிறேன். தொட்டியை நான் வந்த பிறகு நிரப்புவோம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கூட்டாளி