கான்ராட் சிறுநூலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஜெர்மன் சட்டப் பேராசிரியர் டீட்டர் கான்ராட் பற்றிய நம் சிறுநூல் ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. கைகொடுத்த எல்லோருடைய பெயரும் அதன் முதல் பக்கத்தில் இருக்கிறது. பெயரைப் போட்டால் மட்டும் போதாது, யார் என்ன செய்தார்கள் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் சீனியருக்கு. நான் ஜூனியராகச் சேர்ந்த புதிதில், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பை மேசைமேல் வைத்து, "முழுசையும் அப்புறம் படிச்சுக்கலாம்ப்பா, இப்போ நீதிபதி கன்னா எழுதினதை மட்டும் படி" என்றார். கான்ராட் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது அங்கேதான். அரசியலமைப்பின் ஏற்பாட்டுக்குள்ளேயே உருவான ஒரு திருத்தும் அமைப்பு, அதன் அதிகாரத்துக்குச் சொல்லளவில் எல்லையே இல்லாவிட்டாலும், தன்னைத் தாங்கி நிற்கும் தூண்களை மாற்ற முடியாது. இது கான்ராட் சொன்னது. கன்னா அதை அவர் பெயரோடு எடுத்துக் காட்டியிருக்கிறார். 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்து கொடுத்த தீர்ப்பு அது. அதில் தராசைச் சாய்த்தது கன்னாவின் நிலைப்பாடு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜெர்மன் பேராசிரியரின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். "நீயே தேடிப் பாரு" என்று விட்டுவிட்டார். தேட வைத்ததற்கு நன்றி, சார்.

தேடினால் தமிழில் அவரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் பழைய ஃபிரண்ட்லைன் இதழ்களைக் கட்டுக் கட்டாகப் பாதுகாத்து வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 2001-ல் கான்ராட் மறைந்தபோது வழக்கறிஞரும் எழுத்தாளருமான ஏ.ஜி. நூரானி எழுதிய கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டித் தேடியது அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்கும், இன்று நம்மிடையே இல்லாத நூரானிக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் சட்டத் துறைத் தலைவராக இருந்தவர் கான்ராட். 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்புகள் உண்டா என்பது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதில் அவர் சில கேள்விகளை அடுக்கினார். உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் காவலாக நிற்கும் 21-ஆம் பிரிவை ஒரு திருத்தத்தால் எடுத்துவிட முடியுமா? தன் பெரும்பான்மை கரைவதைப் பார்க்கும் ஆளுங்கட்சி, திருத்தும் முறையைச் சொல்லும் 368-ஆம் பிரிவையே மாற்றி, இனி பிரதமர் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரே திருத்தலாம் என்று செய்ய முடியுமா? முகலாயப் பேரரசர் ஆட்சியையோ இங்கிலாந்து முடியாட்சியையோ மறுபடி கொண்டுவர முடியுமா? அன்று பலருக்கு இதெல்லாம் வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்கலாம். அவருக்கு அப்படி இல்லை.

ஏன் இல்லை என்பதைப் புரியவைத்தவர், ஜெர்மன் மொழி கற்றுக்கொடுக்கும் ஓர் அக்கா. ஹிட்லருக்கு முன் ஜெர்மனியில் இருந்த வைமார் அரசியலமைப்பின் 76-ஆம் பிரிவையும் இன்றைய ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவையும் மூலத்திலேயே வரிவரியாகப் படித்துச் சொன்னார். வைமாரில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் எதையும் மாற்றலாம். 1933 மார்ச் 23 அன்று அந்தப் பெரும்பான்மையைக் காட்டித்தான் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசு கையில் எடுத்துக்கொண்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் 94 பேர், எல்லோரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் உள்ளேயே வர முடியவில்லை. பட்ட அந்த அடியால்தான் 1949-ல் எழுதிய புதிய சட்டத்தில், மனித மாண்பையும் ஜனநாயக, கூட்டாட்சிக் கொள்கைகளையும் எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாது என்று பூட்டுப் போட்டார்கள். கான்ராட் அந்த ஆட்சியில் சிறுவனாக வளர்ந்த தலைமுறை. அக்கா, நீங்கள் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் பனாரஸ் உரையை வெறும் சட்ட வாதமாகத்தான் நான் எழுதியிருப்பேன்.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்குத் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும். கையெழுத்துப் பிரதியை மாலை வேளைகளில் உட்கார்ந்து கேட்டீர்கள், கேள்வி கேட்டீர்கள். "அப்படின்னா வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் சொல்லித்தான் நம்ம கோர்ட்டு தெரிஞ்சுக்கிச்சா சார்?" என்று ஒரு மாணவி கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கேள்விக்காகவே ஓர் அத்தியாயம் சேர்த்தோம். இல்லை என்பதுதான் பதில். பனாரஸ் உரைக்குச் சில மாதங்களுக்கு முன்பே, சஜ்ஜன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி முதோல்கர், அரசியலமைப்பின் அடிப்படை அம்சத்தை மாற்றுவது திருத்தமா, அல்லது ஒரு பகுதியைப் புதிதாக எழுதுவதா என்று சந்தேகம் எழுப்பிவிட்டார். கான்ராட் செய்தது அந்தச் சந்தேகத்துக்கு ஒரு கோட்பாட்டைக் கொடுத்தது. அதுவே பெரிய காரியம், அதற்கு மேல் அவருக்கு மகுடம் சூட்டத் தேவையில்லை.

அந்தக் கோட்பாட்டை நீதிமன்றத்துக்குள் கொண்டுபோனவர் எம்.கே. நம்பியார். கம்யூனிஸ்டு தலைவர் ஏ.கே. கோபாலனுக்காக 1950-ல் வாதாடியவர், நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்தவர். அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியுமா என்ற கோலக்நாத் வழக்கில் கான்ராடின் வாதத்தை உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்தார். 1967 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, 11 நீதிபதிகளில் 6 பேர் பெரும்பான்மையோடு, வேறு வழியில் முடிவெடுத்தது. ஆனாலும் இந்த வாதத்தில் கணிசமான வலு இருக்கிறது என்று எழுதி வைத்தது. விதை அப்படியே கிடந்தது, ஆறு ஆண்டில் முளைத்தது.

இடையில் கான்ராட் தன் கருத்தை விரித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அது வெளியானது சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் இயர்புக் ஆஃப் இன்டர்நேஷனல் அஃபேர்ஸ்' 1966-67 தொகுதியில். இது தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தத் தொகுதியைக் கண்டுபிடித்துக் கொடுத்த நூலகர் ஐயாவுக்கு என் வணக்கம். முதுகுப்பட்டை கழன்று, தாள்கள் அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலை. நகலெடுக்கும் மெஷினில் கவிழ்த்து அழுத்தினால் போய்விடும் என்று, ஜன்னலோரம் வைத்து ஒவ்வொரு பக்கமாக அவரே பிடித்துக்கொள்ள, நான் செல்போனில் படமெடுத்தேன். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு நின்றார்.

நூலில் நான் அதிகம் உழைத்த பகுதி நெருக்கடிநிலை பற்றியது. 21-ஆம் பிரிவை எடுத்துவிட முடியுமா என்று கான்ராட் கேட்டு 11 ஆண்டுகள் கழித்து, 1976 ஏப்ரல் 28 அன்று, அந்த உரிமைக்காக நெருக்கடிநிலையில் நீதிமன்றத்தின் படியேற முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். மறுத்து எழுதியவர் ஒருவர், கன்னா. மறு ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. கான்ராடைப் படித்ததால்தான் கன்னா அப்படி எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று சொன்ன ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயாவுக்கு நான் கடன்பட்டவன். அந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு பத்திக்கும் பென்சிலால் குறிப்பு எழுதித் தந்தார்.

மெய்ப்பு பார்த்த தமிழாசிரியர் அம்மா, வழக்கறிஞர் இல்லாத ஒருவருக்குப் புரியாத பத்தி எதையும் விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார்கள். தலைப்பைக் கடைசி நேரத்தில் நான் மாற்றச் சொன்னபோதும் அச்சகத்துத் தம்பி முகம் சுளிக்கவில்லை. கூட்டங்களுக்கு இடம் கொடுத்து, காபிக்குக் காசு வாங்க மறுத்த மண்டபக்காரருக்கும், சனி ஞாயிறுகளை எனக்காக விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் நன்றி.

அடுத்து, அந்த இயர்புக்கைத் தொடங்கிய பேராசிரியர் சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச் பற்றி எழுதலாம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். போலந்துக்காரர், 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். உங்கள் அப்பாவோ தாத்தாவோ அவரிடம் படித்திருந்தால், வீட்டில் பழைய பாடக்குறிப்பு, புகைப்படம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வழக்கறிஞர் நண்பன்