செண்டுக் கணக்கில் விற்கப்படும் தோட்டங்கள்: பதிவுத்துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்குப் பகுதியில் நெடுங்காலமாக ஆவண எழுத்தராக இருக்கிறேன். விவசாய நிலக் கிரயம் போகும் போக்கைக் கண்டு மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் நிலம் வாங்க வருபவர் பெரும்பாலும் பங்காளியாகவோ பக்கத்துத் தோட்டக்காரராகவோ இருப்பார். விலை ஏக்கருக்குப் பேசப்படும். கிணற்றில் 3-ல் 1 பாகம், மின் மோட்டாரில் அதே பாகம், முறை வைத்து நீர் இறைத்துக்கொள்ளும் உரிமை, இட்டேரியில் (தோட்டங்களுக்கு இடையே செல்லும் வேலியோரப் பாதையில்) வண்டி வாகனம் போய்வரும் மாமூல் தடப் பாத்தியம் (வழக்கமான வழி உரிமை) என்று சொத்து விவரமே அரைப் பக்கம் வரும். இன்று ‘பண்ணை நிலம்’ என்று எழுதச் சொல்லிக் கொண்டுவரும் பத்திரங்களில் பரப்பு 10 செண்டு அல்லது 15 செண்டு; கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை.

அனுமதியின்றி மனையாக மாற்றப்பட்ட நிலத்தைப் பதியக் கூடாது என்னும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதைத் தாண்டிச் செல்லவே, மனையாகப் பிரித்த நிலமும் ‘புன்செய்’ என்று எழுதப்படுகிறது. ஆனால் நாலெல்லையைப் படித்தால் உண்மை தெரிந்துவிடும்: மேற்கே 20 அடிப் பொதுப்பாதை, வடக்கே இதே புல எண்ணில் இன்னொருவருக்கு விற்ற 12 செண்டு. உழுகிற காட்டுக்குள், அதாவது விளைநிலத்துக்குள், 20 அடிப் பாதை யாருக்காக?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் (ஒருவர் சாகுபடி செய்யும் மொத்த நிலத்தின்) சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு. முகப்பில் ஒரு துண்டு செண்டு விலைக்குப் போய்விட்டால் பின்னாலுள்ள காட்டுக்கும் அதே விலைதான் சொல்கிறார்கள். மஞ்சள் போட்டாலும் தென்னை வைத்தாலும் அந்த விலைக்குப் போட்ட பணத்தை மீட்க முடியாது. பக்கத்தில் ஓர் ஏக்கர் சேர்த்து வாங்க நினைக்கும் உழவர் அதோடு விலகிக்கொள்கிறார்.

அண்ணன் தம்பிக்குப் பொதுவான கிணறு ஒன்று தம்பியின் பாகத்தில் இருந்தது. அவர் துண்டு துண்டாக விற்றார். வாங்கியவர்கள் கம்பி வேலி போட்டார்கள். அண்ணனின் குழாயும் தடமும் அடைபட்டன; தென்னைக்குத் தண்ணீர் இல்லாமல் அவர் இன்று நீதிமன்றத்துக்கு நடக்கிறார். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கடனும் ஆள் பற்றாக்குறையும் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தின. விற்பனையைத் தடுக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கையன்று.

25 செண்டுக்குக் குறைந்த விவசாய நிலத்தின் எல்லையில் புதிதாகப் போட்ட பொதுப்பாதை காட்டப்பட்டிருந்தால், திட்டக் குழும அனுமதியைக் கேட்காமல் அந்த ஆவணம் பதியப்படக் கூடாது. மூலப்பத்திரத்தில் (விற்பவர் கையிலுள்ள முந்தைய பத்திரத்தில்) கிணற்றுப் பாகமும் தடமும் இருந்தால், அவை இனி யாருக்கு என்று புதிய பத்திரம் சொல்லியாக வேண்டும். நில அளவர் கையொப்பமிட்ட உட்பிரிவு வரைபடமும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். இதற்கான அறிவுரையை எல்லா சார்பதிவாளர்களுக்கும் தாங்கள் அனுப்ப வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்