முதல் ஃபிலிமைக் கழுவும் முன்

அன்புள்ள யாழினி,

எச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிமும், அதில் படத்தை வரவழைக்கும் டெவலப்பரான ஐடி-11 பவுடரும் வாங்கியாச்சு என்றாய். சரி. குறிப்புத்தாளில் மருந்தின் சூடு 20 டிகிரி என்று போட்டிருக்கும், மலைக்காதே. சென்னையின் மே மாதத்தில், மாடி டேங்க் தண்ணீரை 20க்கு இறக்கி அங்கேயே நிறுத்திவைப்பது வீண் பாடு. 23 போதும், நேரத்தைக் குறைத்துக்கொள். 20இல் 4 நிமிஷம் என்றால் 23இல் 3. இதுதான் கணக்கு.

ஐஎஸ்ஓ 400இல் (ஃபிலிமின் ஒளி உணர்வு அளவு) எடுத்த எச்பி5க்கு, சம அளவு தண்ணீர் கலந்த ஐடி-11இல் 20 டிகிரிக்கு 13 நிமிஷம். 23க்கு ஒன்பதே முக்கால். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20இல் ஏழரை, 23இல் ஐந்தரைக்குச் சற்று மேல். சூடு இன்னும் கொஞ்சம் ஏறி 5 நிமிஷத்துக்குக் கீழே போனால் ஊற்றும் நேரமும் வடிக்கும் நேரமுமே படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் உனக்குக் கலந்ததுதான்.

பவுடரை முந்தின நாளே 40 டிகிரி வெந்நீரில் கரைத்து ஆறவை. முதல் பாக்கெட் முழுக்கக் கரைந்த பிறகுதான் இரண்டாவது. பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தால் ஆறு மாதம் தாங்கும், பாதி காலியானால் ஒரு மாதம். தண்ணீர் கலந்ததை ஒரு தடவைக்குமேல் வைத்துக்கொள்ளாதே.

நிறையப் பேர் சறுக்குவது, ஃபிலிமை டேங்குக்குள் (வெளிச்சம் புகாத மூடிபோட்ட டப்பா) வைக்கும் சுருள் சக்கரமான ரீலில் ஏற்றும்போது. ரீலில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டி நின்றுவிடும். சேஞ்சிங் பேக்குக்குள் (கையை விட்டு இருட்டில் வேலை செய்யும் பை) கை பத்தே நிமிஷத்தில் வியர்க்கும், அந்த ஆவியே போதும். சிக்கினால் இழுக்காதே. ஃபிலிமை டேங்குக்குள் போட்டு மூடிவிட்டுக் கையை வெளியே எடு, துடை, ஃபேனடியில் உட்கார், பிறகு தொடர். கோபத்தில் மடக்கினால் நெகடிவில் நகம் பதிந்ததுபோல் பிறை வடிவக் கறை விழும். முனையை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் துளி மழித்துவிட்டால் பாதித் தொல்லை போச்சு. ரீலின் நடுக்குழாயை மறக்காதே. அது இல்லாவிட்டால் மூடி போட்டும் வெளிச்சம் உள்ளே போகும்.

150 மில்லி டெவலப்பர், 150 மில்லி தண்ணீர். டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பர் வேலையை நிறுத்துவது), ஃபிக்சர் (படத்தை நிலைநிறுத்துவது), கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே பக்கெட் தண்ணீரில் நிறுத்து. ஐஸ்கட்டியைக் கவரில் கட்டிப் பக்கெட்டில் போடு, மருந்துக்குள் போடாதே. எல்லாம் 23க்கு வந்ததும் ஊற்று. ஊற்றியதும் 10 வினாடியில் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்து, டேங்கைத் தரையில் 'டொக்' என்று தட்டு. தட்டாவிட்டால் காற்றுக்குமிழ் ஒட்டிய இடம் படத்தில் கரும்புள்ளியாகும். பிறகு ஒவ்வொரு நிமிஷத் தொடக்கத்திலும் அதே நாலு முறை. ஆர்வத்தில் ஓயாமல் குலுக்கினால் கான்ட்ராஸ்ட் (கறுப்பு-வெள்ளை வித்தியாசம்) ஏறிவிடும்.

வடித்து, ஸ்டாப் பாத் 10 வினாடி. அப்புறம் ஃபிக்சர் (பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள்): 60 மில்லி ரேபிட் ஃபிக்சருக்கு 240 மில்லி தண்ணீர். எவ்வளவு நேரம் என்று தெரிய, வெட்டிப்போட்ட முனைத்துண்டை முன்கூட்டியே அதில் போட்டுப் பார். கண்ணாடியாகத் தெளிய ஆகும் நேரத்தைப்போல் இரு மடங்கு வை. அந்தத் தெளியும் நேரமே புதிதில் இருந்ததைப்போல் இரட்டித்துவிட்டால் ஃபிக்சர் தீர்ந்தது.

கழுவக் குழாயைத் திறந்துவிட வேண்டாம். தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து வடி, அடுத்து 10, அடுத்து 20. கடைசி அலசலுக்கு மட்டும் போர் தண்ணீர் ஆகாது, உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும். டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரு சொட்டு வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழியவைப்பது) விட்டு அலசு. குளியலறைக் கொடியில் கிளிப் போட்டு, கீழேயும் ஒரு கிளிப் கனத்துக்கு மாட்டு. ஃபேன் போடாதே, தூசி ஒட்டினால் காய்ந்தபின் போகாது.

காய்வதற்குள் ஓரத்து எழுத்துகளைப் பார். எழுத்து கறுப்பாக இருந்து படம் இல்லையென்றால் கேமராவில் கோளாறு, ஃபிலிம் நகரவே இல்லை. எழுத்தும் இல்லாமல் முழுக்கத் தெளிந்திருந்தால் டெவலப்பர் செத்தது, அல்லது ஃபிக்சரை முதலில் ஊற்றிவிட்டாய். பால்போல் மங்கியிருந்தால் பயப்படாதே: புது ஃபிக்சரில் திரும்பப் போடு, சரியாகிவிடும்.

அன்புடன்,
அம்மா