வீல்செயாரில போறவரையும் கூப்பிட்டு வைச்சு பேவ்மென்ட் போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் வெள்ளவத்தையில இருபத்திரண்டு வருசமா சாறி பிளவுஸ் தைச்சுக் குடுக்கிறன். பேப்பருக்கு எழுதிறது இதுதான் முதல் தரம், நீண்டு போனா வெட்டிப் போடுங்கோ, ஆனா அளவுக்கணக்கை மட்டும் வெட்டாதேங்கோ.

என்ர அவருக்கு மூண்டு வருசத்துக்கு முன்னம் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துப்போட்டுது, அண்டில இருந்து வீல்செயார்தான். எங்கட ஃபிளாட்டில இருந்து காலி வீதி எண்ட பெரிய றோட்டுக்கு நானூறு மீற்றர் கூட வராது, அவர் சுகமா இருந்த காலத்தில பின்னேரம் சாரத்தோடயே இறங்கிப் போய் பேப்பரும் பாணும் வாங்கிக்கொண்டு, வழியில நாலு பேரோட கதைச்சுப்போட்டு வருவார். இப்ப அதே நானூறு மீற்றருக்கு ஓட்டோ பிடிக்கிறம். ஓட்டோக்காரத் தம்பி அவரைத் தூக்கி ஏத்தி, செயாரை மடிச்சுப் பின்னால கயித்தால கட்டி, அங்க போய் திரும்ப அவிட்டு விரிச்சு இறக்கி, இதெல்லாம் கிழமைக்கு ரெண்டு தரம் பிசியோதெரபிக்குப் போகேக்க, வரேக்க வேற. காசைப் பற்றி நான் சொல்ல வரேல்ல. ஒவ்வொரு தரமும் மற்றாக்கள் தூக்கேக்க அவர் கண்ணை மூடிக்கொள்ளுவார், அதைப் பாக்க ஏலாமல்தான் இந்தக் கடிதம்.

தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை ஒருநாள் விடிய அஞ்சரைக்கு, வாகனம் குறைஞ்ச நேரம் பாத்து, தைக்கிற டேப்பையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய் நான் அந்த நானூறு மீற்றரையும் அளந்தன். அவரின்ர செயார் சில்லுக்குச் சில்லு 25 அங்குலம், கையால உருட்டிறதெண்டா ரெண்டு பக்கமும் விரலுக்கு இடம் வேணும், அப்ப ஆகக் குறைஞ்சது 30 அங்குலம் எண்டு வையுங்கோ. பேவ்மென்ட் அகலம் நல்லாத்தான் இருக்கு, அஞ்சடி வரும். ஆனா ஒரு இடத்தில லயிட் போஸ்ட் நடுவில நிக்குது, போஸ்டுக்கும் மதிலுக்கும் இடையில 22 அங்குலம், மற்றப் பக்கம் போஸ்டுக்கும் விளிம்புக்கும் 26. இந்த 22க்குள்ள நானே பையோட போறதெண்டா சரிஞ்சுதான் போகவேணும். அந்த இடத்தில கீழ இறங்கி றோட்டால போகவேணும் எண்டா விளிம்பு உயரம் 9 அங்குலம். இன்னும் முப்பது அடி தள்ளி அதே விளிம்பு 4 அங்குலம், அங்கால 7. ஒரே பேவ்மென்ட், ஒரே பக்கம்.

சரிவு போட்டிருக்கிறாங்கள்தானே எண்டு ஆரும் கேப்பினம். போட்டிருக்கு, முனையில ஒண்டு. சரிவுக்குக் கனக்க நாடுகளில சொல்லுற பொதுக்கணக்கு 1க்கு 12, அதாவது ஒரு அங்குல உயரம் ஏறோணுமெண்டா ஒரு அடி நீளம் வேணும், 9 அங்குலத்துக்கு 9 அடி. அந்த முனையில உயரம் 9 அங்குலம், சரிவின்ர நீளம் 3 அடி. நான் பின்னால நிண்டு முழுப்பலத்தையும் குடுத்துத் தள்ளினா ஏறும், ஆனா இறங்கேக்க நான் பிடிச்சு வைச்சிருக்க ஏலாது, அவர் 74 கிலோ.

அதோட இந்தக் கேற் சரிவு. இஞ்ச இப்ப ரெண்டு காணிக்கு ஒரு தொடர்மாடி வந்திட்டுது, ஒவ்வொரு கட்டடக்காரரும் தங்கட கார் வழுக்கிக்கொண்டு உள்ள போகட்டும் எண்டு பேவ்மென்டை றோட்டுப் பக்கம் சரிச்சுக் கொங்கிறீட் போட்டிருக்கினம். நடக்கிற ஆளுக்கு அது தெரியாது, கால் தன்பாட்டில சமாளிச்சுக்கொள்ளும். செயாரின்ர முன் சில்லு சின்னன், அது சரிவைக் கண்ட உடன தன்பாட்டில றோட்டுப் பக்கம் திரும்பும். போன ஆவணியில ஒரு கேற்றடியில அப்பிடித் திரும்பி, கான் மூடியில ரெண்டு சிலாப்புக்கு இடையில இருந்த வெடிப்புக்குள்ள முன் சில்லு போய் இறுகி, செயார் முன்னுக்குக் கவிழ்ந்து அவர் முழங்கையும் தாடையும் அடிபட விழுந்திட்டார். பழக்கடை மல்லியும் லொத்தர் விக்கிற ஐயாவும் ஓடி வந்து தூக்கினவை. அந்த வெடிப்பையும் அளந்தன், ஒண்டே முக்கால் அங்குலம். செயாரின்ர முன் சில்லின்ர அகலம் ஒண்டேகால்.

இதைப் பற்றிச் சொல்ல ரெண்டு ஒப்பீஸ் ஏறி இறங்கினன், எந்த இடமெண்டு எழுதேல்ல, கவுன்டரில இருந்த பிள்ளையள் மரியாதையாத்தான் கதைச்சவை. ரெண்டு இடத்திலயும் ஒரே பதில், அது எங்கட பொறுப்பில்லை அம்மா. பிறகுதான் விளங்கினது அவையள் பொய் சொல்லேல்ல எண்டு. காலி வீதி ஏ2 வீதி, ஏ, பி எண்டு எழுத்து வைச்ச வீதியெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கீழ, உள்ளுக்க இருக்கிற லேன் மாநகர சபைக்கு, நிலத்துக்குக் கீழ தண்ணிக் குழாய் ஒரு சபை, மேல லயிட் கம்பம் இன்னொரு நிறுவனம், டெலிபோன் வயருக்குக் கிடங்கு கிண்டுறது கொம்பனி, பேவ்மென்டில ஏத்தி நிப்பாட்டின வாகனத்துக்குத் தண்டம் எழுதிறது பொலிஸ், பஸ் எண்டா அதுக்கு மாகாண அதிகார சபை ஒண்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை வேற. லேன் வந்து காலி வீதியில முட்டுற அந்த முனை இருக்கே, எல்லாரும் விழுற இடம், அதில எல்லாருக்கும் பங்கிருக்கு, அதாலதான் ஒருத்தருக்கும் இல்லை.

சட்டம் இல்லையோ எண்டா இருக்கு. மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைகளைப் பாதுகாக்கிற சட்டம் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கம், அதுக்குக் கீழ 2006 ஒக்டோபரில வந்த அணுகல் ஒழுங்குவிதிகள், அதாவது மாற்றுத்திறனாளிகளும் போய்வரக்கூடிய மாதிரிக் கட்டவேணும் எண்ட விதிகள். 1992இல ஓடிக்கொண்டிருந்த காருக்கு மேல மரம் விழுந்து வீல்செயாருக்கு வந்தவர் கலாநிதி அஜித் பெரேரா, அவர் உயர் நீதிமன்றத்தில அடிப்படை உரிமை வழக்குப் போட்டு, தன்ர வழக்கைத் தானே பேசி, புதுசாக் கட்டுற பொதுக் கட்டடங்கள் அந்த விதிப்படிதான் இருக்கவேணும் எண்டு 2011 ஏப்ரல் 27ஆம் தேதி கட்டளை வாங்கினவர். அந்த மனுசன் இப்ப இல்லை. 2016இல மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் எங்கட நாடு ஏற்றுக்கொண்டிட்டுது. அப்ப கட்டடத்துக்குள்ள சரிவும் லிஃப்டும் மெல்ல மெல்ல வருது, சந்தோசம், ஆனா அந்தக் கட்டடத்து வாசலுக்கு அவர் எப்பிடி வந்து சேருறது?

கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில என்ர தங்கச்சி இருக்கிறா. அவவிட்ட இதைச் சொல்லி அழுதபோது அவ ஒரு விசயம் சொன்னா, அதைச் சொல்லத்தான் முக்கியமா எழுதுறன். ஒன்ராறியோவில 2005இல ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கினம், அதின்படி பத்தாயிரம் சனத்துக்குக் குறையாமல் இருக்கிற ஒவ்வொரு நகர சபையும் அணுகல் ஆலோசனைக் குழு ஒண்டு வைச்சிருக்கத்தான் வேணும், அந்தக் குழுவில பாதிப் பேருக்கு மேல மாற்றுத்திறனாளிகளா இருக்கோணும். பாதிக்கு மேல! ஒருத்தரைக் கூப்பிட்டு மூலையில இருத்திப் படம் எடுக்கிற கதையில்லை. பத்தாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு அங்க கட்டாயம் எண்டா, 2012 கணக்கெடுப்பிலயே அஞ்சரை லட்சம் பேர் இருந்த கொழும்பு நகரத்துக்கு ஏன் அப்பிடி ஒண்டு கட்டாயமா இருக்கக் கூடாது? அதே கணக்கெடுப்பில நாட்டில அஞ்சு வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆக்களில 8.7 வீதம், அதாவது 16 லட்சத்துக்கு மேல, ஏதோ ஒரு இயலாமையோட வாழுறவை எண்டு வந்தது. வயிற்றில பிள்ளையோட நடக்கிறவைக்கும், காலில கட்டுப் போட்டவைக்கும், முழங்கால் தேஞ்ச அம்மாக்களுக்கும் இதே பேவ்மென்ட்தான்.

நான் பிளவுஸ் தைக்கேக்க ஆளை நிப்பாட்டி அளவெடுக்காமல் துணியில கத்திரிக்கோல் வைக்கிறதில்லை. வெட்டித் தைச்ச பிறகும் ஒருக்காப் போட்டுப் பாத்துத்தான் கொக்கி வைக்கிறது. பேவ்மென்டுக்கு ஒருத்தரும் இந்த ரெண்டையும் செய்யிறதாத் தெரியேல்ல. அதுக்குத்தான் அந்தக் குழு. மாநகர சபை அதைக் கூட்டட்டும், நான் முதல் சொன்ன அத்தனை இடத்தில இருந்தும் முடிவெடுக்கக்கூடிய ஒரு ஆள் வந்து இருக்கட்டும், மிச்சம் பாதிக்கு மேல வீல்செயாரில போறவை, கண் தெரியாதவை, காது கேளாதவை, வயசுபோனவை. கூட்டம் மேசையில வேண்டாம், றோட்டில நடக்கட்டும். படம் கீறிக் கொந்திராத்துக் குடுக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா அந்த நீளத்தை நடந்தும் உருண்டும் பாக்கட்டும், வேலை முடிஞ்சு கடைசிக் காசு குடுக்கிறதுக்கு முன்னம் இன்னொருக்கா. செயாரில வந்தவர் தன்பாட்டில ஒரு முனையில இருந்து மற்ற முனைக்குப் போகாட்டி கையெழுத்து வைக்கக் கூடாது, காசும் குடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் பேந்து பாக்கலாம், இது ஒண்டு இருந்தா அந்த 9 அங்குலம் வந்தே இராது.

மஞ்சள் கல்லைப் பாருங்கோ, காலுக்குத் தெரியிற மாதிரிப் புடைச்சிருக்கிற கல். நீளக் கோடு போட்டது நேரா வாங்கோ எண்டு சொல்லும், புள்ளி வைச்சது நில்லுங்கோ, கவனம் எண்டு சொல்லும். யப்பானில ஒக்கயாமா எண்ட நகரத்தில 1967இல முதல் முதலாப் போட்டது, கண் தெரியாத ஆக்களுக்கு அது எழுத்து மாதிரி. எங்கட பக்கத்தில ஒரு இடத்தில கோடு போட்ட கல் நேரா வந்து ஒரு வயர்ப் பெட்டியில முட்டி முடியுது, இன்னொரு இடத்தில உடைஞ்ச புள்ளிக் கல்லுக்குப் பதிலா கோட்டுக் கல்லைப் பதிச்சிருக்கு, அது றோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டடியில, வாகனம் வாற இடம். பதிச்ச மேசன் தம்பியில பிழை இல்லை, அவருக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? வெள்ளைத் தடியோட வாற ஒருத்தர் அண்டைக்கு அதில நிண்டிருந்தா அஞ்சு நிமிசத்தில கண்டுபிடிச்சுச் சொல்லியிருப்பார்.

இதை வாசிச்சிட்டு நடைபாதைக் கடைக்காரரைக் கலையுங்கோ எண்டு ஆரும் கிளம்பாதேங்கோ. அவையள்தான் அவர் விழுந்தபோது தூக்கினவை, அவையளுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. அஞ்சடிப் பேவ்மென்டில மூண்டடியை எப்பவும் வெறுமையா விடுறது எண்டு கோடு போட்டா அவையளும் விடுவினம், நான் கேட்டுப் பாத்தனான். எனக்குக் கோவம் வாறது ஏத்தி நிப்பாட்டிற மோட்டார்சைக்கிளிலயும் வானிலயும்தான். பழக்கூடையை அரக்கச் சொல்லலாம், வானை ஆர் அரக்கிறது?

பஸ்ஸைப் பற்றி எழுதினா தனிக் கடிதம் வேணும். 100, 101, 155 எண்டு எங்கட வாசலால நிமிசத்துக்கு ஒண்டு போகுது, முன் சீற்றில மதகுருமாருக்கு, கர்ப்பிணித் தாய்மாருக்கு, வலது குறைந்தவைக்கு எண்டு எழுதியும் இருக்கு, ஆனா அந்தச் சீற்றுக்குப் போறதுக்கு முழங்கால் உயரத்துப் படியில ஏறவேணும், அதுவும் பஸ் முழுசா நிக்க முன்னம். கண்டக்டர் இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னுக்குப் போங்கோ எண்டு சிங்களத்தில கத்தேக்க என்ர அம்மா மாதிரி ஆக்கள் பஸ் ஹோல்டிலயே நிண்டிடுவினம். தாழ்ந்த தளம் உள்ள பஸ் வாங்கினாலும் ஹோல்டில பேவ்மென்ட் உயரம் பஸ்ஸோட பொருந்தாட்டி பிரயோசனம் இல்லை, பஸ்காரரும் றோட்டுக்காரரும் ஒரே மேசைக்கு வந்தாத்தான் அது நடக்கும்.

இன்னொண்டு, அந்தக் குழு வந்தா அறிவித்தலும் படிவமும் கூட்டத்தில கதைக்கிறதும் தமிழிலயும் இருக்கோணும். தமிழ் ஆட்சிமொழிதானே. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானைச் சனம் சிங்களத்தில கடிதம் எழுத ஏலாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது எத்தினை விசயம்.

ஆடிவேல் திருவிழாவுக்கு முருகன்ர வேல் தேர் காலி வீதியால பம்பலப்பிட்டிக்கு வரேக்க பாருங்கோ, குறுக்க வாற வயரைத் தடியால தூக்கிப் பிடிக்கிறம், வாகனத்தை மறிக்கிறம், பொலிசும் நிக்குது, லைட்காரரும் நிக்கினம், ஒரு தேரின்ர உயரமும் அகலமும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என்ர அவரின்ர செயார் 25 அங்குல அகலம், உயரம் 36.

நான் அளந்த கொப்பியில 41 இடம் குறிச்சு வைச்சிருக்கிறன், விளிம்பு உயரம், சரிவு நீளம், போஸ்டுக்கும் மதிலுக்கும் இடையில எவ்வளவு, எந்தக் கான் மூடி ஆடுது எல்லாம். எங்கட வட்டாரத்து மாநகர சபை உறுப்பினர் இதை வாசிச்சா உங்கட பேப்பருக்கு ஒரு சொல்லுச் சொல்லி விடட்டும், கொப்பியின்ர கொப்பி ஒண்டு உங்கட ஒப்பீஸில குடுத்து வைக்கிறன். அவர் வாறதெண்டா விடிய அஞ்சரைக்கு வரச் சொல்லுங்கோ, செயாரையும் ஆளையும் நான் கூட்டிக்கொண்டு வாறன், டேப்பும் கொண்டு வாறன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருத்தி
கொழும்பு 6