சக்கரம் சுற்றினால் கம்ப்யூட்டரை மாற்றாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பாடம் பார்க்க உட்கார்ந்தால் வீடியோ பாதியில் நின்று சக்கரம் சுற்றுகிறது, வேறு கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்பட்டு வாங்காதே. முதலில் நெட் வேகத்தைப் பார், அதுவும் காலையில் பார்க்காமல் எல்லாரும் நெட்டில் இருக்கும் ராத்திரி நேரத்தில், நீ படிக்கிற மேசையிலேயே வைத்துப் பார். பிளானில் போட்டிருக்கும் வேகம் வேறு, உன் கைக்கு வந்து சேருவது வேறு. வேகச் சோதனையில் காட்டுவது மெகாபிட், விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதுதான் எம்பிபிஎஸ். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் 8 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 1 எம்பி, அதாவது ஒரு மெகாபைட்தான் இறங்கும், பயந்துவிடாதே.

480பி, 720பி என்பதெல்லாம் படத்தின் தெளிவைச் சொல்லும் எண், எண் கூடினால் தெளிவும் கூடும். யூடியூப் சொல்லும் கணக்கில் 480பி-க்கு 1.1 எம்பிபிஎஸ், 720பி-க்கு 2.5, 1080பி-க்கு 5, அதைவிடத் தெளிவான 4கே என்றால் 20 வேண்டும். உனக்கு 3 வருகிறது என்று வை, 720பி ஓடத்தான் செய்யும், ஆனால் பக்கத்தில் ஒருவர் போனை எடுத்தாலே திணறும், 480பி வைத்தால் நிம்மதியாக ஓடும். தரத்தை ஆட்டோவில் விட்டால் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக, அப்போதைய வேகத்துக்கு ஏற்ற தரத்தில் எடுத்துக்கொண்டே போகும். பேச்சு மட்டும் கேட்க அது போதும். போர்டில் பொடி எழுத்தில் கணக்குப் போடும் பாடத்துக்கு அது சரிவராது, சரியாக முக்கியமான வரி வரும்போது மங்கிவிடும், அந்த மாதிரிப் பாடத்தை 720பி-யில் முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு பார், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

சரி, கம்ப்யூட்டர் விஷயம். சக்கரம் சுற்றினால் பெரும்பாலும் நெட்தான் காரணம். சத்தம் ஒழுங்காக ஓடி, படம் மட்டும் திக்கித் திக்கி வந்து, ஃபேனும் இரைந்தால் அது கம்ப்யூட்டர். வீடியோவைச் சுருக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. 2003-இல் வந்த எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவை ஏறக்குறைய எல்லாக் கருவியும் சுலபமாக ஓட்டிவிடும். 2018-இல் வந்த ஏவி1 என்ற முறை அதே தெளிவை இன்னும் குறைந்த டேட்டாவில் தரும், ஆனால் அதைப் பிரிக்கத் தனிச் சிப் வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டரில் பிராசஸரே முழு வேலையையும் செய்ய வேண்டியிருக்கும். டவுன்லோடு செய்யும்போது இரண்டும் இருந்தால் உன் பழைய கம்ப்யூட்டருக்கு எச்.264 எடு, ஃபைல் கொஞ்சம் பெரிதானாலும் பரவாயில்லை.

அப்புறம், மொபைல் டேட்டாவில் 1080பி வைக்காதே. 5 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி போய்விடும், 480பி-யில் அரை ஜிபிதான். இன்று ராத்திரி வேகத்தைப் பார்த்து அந்த எண்ணை எனக்கு அனுப்பு, எதில் வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா